திருச்சிக்கு வந்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள்?

திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிற யாரும் சத்திரத்தைத் தேடுவதில்லை. 2021 கடைசியில் திறந்த புதுக் கட்டடத்தில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை. ஸ்ரீரங்கம் போகிற கூட்டம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடுகிறது. வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்ப்பலகை மட்டும்தான்.

நான் திருச்சி ஜங்ஷனில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம் என்ற கேள்விகளைத் தள்ளிவிட்டால், ஊர் பார்க்க வந்தவர்கள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள். “மேடம், மலைக்கோட்டைக்கு எந்த பஸ்?” அதற்குப் பதில் சொல்லி முடிக்குமுன் அடுத்தது: “அங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?” வங்காளத்துக் கூட்டமும் இதைத்தான் கேட்டது, வாழப்பாடிக் கூட்டமும் இதைத்தான் கேட்டது. கல்வெட்டைப் பற்றிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த ஊரின் சரித்திரத்தை எழுதியவர்களோ முதல் கேள்வியோடு நின்றுவிட்டார்கள். பல்லவன் குடைந்த குகை, நாயக்கர் கட்டிய கோட்டை, சந்தா சாகிப், கிளைவ் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. மலை ஏறி இறங்கியவன் பசிக்கு என்ன செய்தான் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓய்வுக்குப் பிறகு நான் அந்த இரண்டாம் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். தேடத் தேட எனக்குப் பட்டது இது: இங்கே பயணியின் சாப்பாட்டுச் சரித்திரம் பெரும்பாலும் யார் எங்கே உட்காரலாம் என்பதன் சரித்திரம். இலையில் என்ன விழுந்தது என்பது அதற்கு அப்புறம்தான்.

பார்க்க வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. 1792-ல் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் தென்னாட்டுப் பயணத்தில் இங்கே வந்து பாறையையும் கோயில்களையும் வரைந்து எடுத்துப் போனார்கள். அந்தப் படங்கள் லண்டனில் அச்சாகி, காவிரியைக் கண்ணால் பார்க்காத வெள்ளைக்காரர் வீட்டுச் சுவர்களில் தொங்கின. 1826-ல் பிஷப் ஹீபர் வந்தார். ஏப்ரல் 3-ஆம் தேதி இங்கேயே குளிக்கப் போன இடத்தில் இறந்து, புனித ஜான் தேவாலயத்தில் அடக்கமானார். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் ஸ்ரீரங்கத்துக்கு வந்து தேரோட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். அவர் பார்த்த ஸ்ரீரங்கத்தில் இன்றைய ராஜகோபுரம் இல்லை. தெற்கு வாசலில் மொட்டைக் கோபுரம்தான் நின்றது. அது 236 அடிக்கு எழுந்து கும்பாபிஷேகம் கண்டது 1987-ல். எங்கள் தலைமுறைக்கு அந்த மொட்டை நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

துரைமார்களுக்குச் சமையல்காரன் கூடவே வந்தான், பங்களாவும் இருந்தது. காசில்லாமல் நடந்து வந்தவனுக்கு?

அவனுக்குத்தான் சத்திரம். மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார்கள். 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் தென்னாட்டில் இன்னும் அவள் பேரைச் சொல்கின்றன. ராமேசுவரம் போகிற வழியெல்லாம் தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்கள் இருந்தன. அந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதற்கு ஒரு நல்ல சாட்சி அகப்பட்டது: 1801-ல் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிய கடிதம். சத்திரத்து நிலங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் எழுதியது அது. அதனாலேயே விவரமாக இருக்கிறது. பிராமணன் முதல் பறையர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி என்று எந்த யாத்ரீகன் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவனுக்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுப்பார்கள். நடுராத்திரி வரை பந்தி நடக்கும். அதன்பின் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அறிவிப்பார்கள்.

அந்த நடுராத்திரி மணியை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் சமைத்த சோறு வேண்டாம் என்று அரிசியாக வாங்கிக்கொண்டவனையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவனுக்கு ஏன் வேண்டாம்? பெரும்பாலும், யார் கையால் வெந்தது என்ற கேள்விதான். சத்திரத்துக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. அடுப்பும் பந்தியும் அப்படி இல்லை. ஸ்ரீரங்கத்துக்குப் போனால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு ஜாதிக்கும் ஒவ்வொரு மடம், ஒவ்வொரு சத்திரம். இன்ன ஊர் இன்ன வகுப்பாருக்கு என்று முகப்பில் சுண்ணாம்பில் எழுத்தெடுத்து வைத்திருப்பார்கள். இலவசச் சோறு என்பதாலேயே அதைச் சமத்துவச் சோறு என்று சொல்லிவிட முடியாது. பழமையை மெச்சுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாக நடந்து போய்விடுகிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் சோறு என்றால் முதலில் பெருமாள் சோறு. மற்ற சமையல் எல்லாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம் என்று வழிகாட்டிகள் ஒப்பிக்கிற கணக்கில் விட்டுப்போவது கோயிலுக்குள்ளே உருண்டையாக, பனை உயரத்துக்கு நிற்கிற நெற்களஞ்சியங்கள். கொட்டாரம் என்பார்கள். சுற்றுலாக் கூட்டம் ஆயிரங்கால் மண்டபத்துக்கும் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளுக்கும் ஓடுகிற அவசரத்தில் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் யாரை அழைத்துப் போனாலும் முதலில் அங்கேதான் நிறுத்துவேன். இந்தக் கோயிலை நடத்தியது கல் அல்ல, நெல் என்று புரிந்தால்தான் மீதி புரியும்.

பெருமாளுக்கு ஒவ்வொரு வேளையும் தளிகை ஆவதை இங்கே ‘அவசரம்’ என்று சொல்வார்கள். பொங்கல் ஒரு வேளை, உச்சிக்குப் பெரிய அவசரம், சாயங்காலம் க்ஷீரான்னம், ராத்திரி நடை சாத்துமுன் அரவணை. அரிசி, வெல்லம், நெய் மூன்றும் குழைந்து கிடக்கும் அரவணையை வெதுவெதுப்பாகக் கையில் வாங்கினால் விரலிடுக்கில் நெய் வழியும். சபரிமலையில் டப்பாவில் விற்கிற அரவணைக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. மடைப்பள்ளியின் பழைய முறையில் காரம் என்றால் மிளகு. கடல் கடந்து வந்த மிளகாய்க்கு உள்ளே இடமில்லை. அதனால் சம்பார தோசை இங்கே ஒரு தனி ருசி. தடிப்பாக, மிளகும் சுக்கும் தூக்கலாக, ஆறினாலும் கெடாமல் இருக்கும். வீட்டில் மெல்லிசாக முறுகல் வார்த்துப் பழகியவர்கள் முதல் வாயில் ஏமாந்து போவார்கள். இரண்டாம் வாயில் சரியாகிவிடும். தளிகை தினமும் புது மண்பானையில் என்பது கோயில் வழக்கம். படைத்து முடிந்த பிரசாதம் ஸ்ரீபண்டாரத்தில் விலைக்கு வரும். ஊர்க்காரர்களே புளியோதரைக்கு வரிசையில் நிற்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ரொட்டி. அர்ஜுன மண்டபத்தின் கோடியில் துலுக்க நாச்சியார் சன்னிதி இருக்கிறது. சிலை கிடையாது, சுவரில் சித்திரம்தான். டில்லி சுல்தானின் மகள், படையெடுப்பில் போன பெருமாள் விக்கிரகத்தின் மேல் காதல் கொண்டு பின்னாலேயே இங்கு வந்துவிட்டாள் என்பது கதை. 1323-ல் டில்லிப் படை வந்ததும், உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததும், 1371-ல் விஜயநகரத் தளபதி கோபண்ணா மீட்டுக்கொண்டு வந்து வைத்ததும் சரித்திரம். இளவரசியைப் பற்றி ஆதாரம் கேட்டால் கிடைக்காது. ஆனால் அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் சர்க்கரையும் இன்றும் நைவேத்தியம் ஆகிறது. உற்சவரான நம்பெருமாள் கைலி கட்டிக்கொள்கிற நாளும் உண்டு. ஆசாரத்துக்குப் பேர்போன மடைப்பள்ளியில் கோதுமை நுழைந்தது ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரால். கதை பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ரொட்டி பொய்யில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர்கள் பட்டினி கிடக்க வருகிறவர்கள். பகல் பத்து, ராப்பத்து என்று மார்கழிக் கொண்டாட்டம். சொர்க்கவாசல் திறக்கிற அன்று ஊரே கண் விழிக்கும். மறுநாள் துவாதசிப் பாரணைதான் சாப்பாடு. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இலையில் இருந்தாக வேண்டும். ஒருநாள் காய்ந்த வயிற்றுக்கு விடியற்காலையில் அந்தக் கசப்பும் துவர்ப்பும் எப்படி இறங்கும் என்பது காய்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சித்திரைத் தேருக்கு வருகிற கூட்டம் வேறு. 1383-ல் விஜயநகரத்து விருப்பண்ண உடையார் ஏற்படுத்திய திருநாள் என்பதால் விருப்பன் திருநாள் என்று பெயர். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் நெல்லும் மாடும் காணிக்கையாகக் கொண்டு வந்து, மொட்டை போட்டு, உத்தர வீதி சித்திரை வீதிகளில் படுத்து எழுந்து, தேர் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு ஓட்டலும் இல்லை, சத்திரமும் கணக்கில் இல்லை. கல் மூன்று கூட்டிக் கொள்ளிடக் கரையில் பொங்கித் தின்பார்கள். தண்ணீர்ப் பந்தல்களில் பானகமும் நீர்மோரும் கிடைக்கும். ஸ்ரீரங்கத்தின் உண்மையான சுற்றுலாப் பயணி யார் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். எந்தக் கையேட்டிலும் இவர்கள் படம் இராது.

வண்டி கட்டிக்கொண்டு வந்த நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுச்சோறு. கட்டுச்சோறு கட்டுவது ஒரு வித்தை. புளியைக் கரைத்து, நல்லெண்ணெயில் பெருங்காயமும் வெந்தயமும் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்சுவார்கள். அந்த எண்ணெய் மிதக்கிற பதம் தப்பினால் மறுநாளே நாறிவிடும். பதம் சரியாக இருந்தால் இரண்டு நாள் தாங்கும். தேங்காய் சேர்க்கக் கூடாது, தண்ணீர்க் கை படக் கூடாது. தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து, பேருக்கு ஒரு கரண்டி தயிர் ஊற்றி மூடுவார்கள். சாப்பிடுகிற நேரத்துக்கு அது தயிர்சாதம் ஆகியிருக்கும். வாழையிலையைத் தணலில் காட்டி வாட்டினால்தான் மடிப்பில் கிழியாது.

இந்தக் கட்டுச்சோறெல்லாம் அவிழ்கிற நாள் ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் அன்று கால் வைக்க இடமிருக்காது. புதுத்தாலி மாற்றுகிறவர்கள், காதோலை கருகமணி விடுகிறவர்கள், காப்பரிசி தருகிற பாட்டிகள். எலுமிச்சை, தேங்காய், புளி, சர்க்கரைப் பொங்கல், தயிர் என்று சித்திரான்னம் ஐந்தும் விரியும். நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிற வழக்கமும் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, ஆடிக்குப் பெருக்கு வருமா என்பது மழையோடு சேர்ந்து மதகையும் பொறுத்ததாகிவிட்டது. தண்ணீர் இல்லாத வருஷங்களில் மணலில் ஊற்றுப் பறித்தும், குழாயடியிலும் சடங்கை முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் சித்திரான்னத்துக்கு மட்டும் குறை வைக்க மாட்டார்கள்.

ரயில் வந்ததும் எல்லாம் மாறியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகப் பாதை 1862-ல் திருச்சியைத் தொட்டது. 1875-ல் மதுரைப் பாதை. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமும் இங்கே இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைக்குப் போகிற போட் மெயில் இந்த வழிதான். சத்திரத்துக்கு நடந்து வந்த யாத்ரீகன் இப்போது டிக்கெட் வாங்கிய பயணி. அவனுக்கு வண்டி புறப்படுமுன் சாப்பாடு வேண்டும். காசு கொடுக்கத் தயார்.

தென்னிந்திய ரயில்வே படங்களோடு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. 1900-லும் 1926-லும் வந்த பதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் என்ன பார்க்கலாம், ஜட்கா கிடைக்குமா, பங்களா உண்டா, சத்திரம் எத்தனை, அதில் எந்த வகுப்பார் தங்கலாம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். படிக்கப் படிக்கச் சுவாரசியம். படித்து முடித்ததும் கொஞ்சம் கசப்பு. இன்ன சத்திரம் பிராமணருக்கு, இன்னது மற்ற இந்துக்களுக்கு என்று ரயில் கம்பெனியே அட்டவணை போட்டுவிட்டது. பெட்டிக்குள் தோளோடு தோள் இடித்து வந்தவர்கள் பிளாட்பாரத்தில் இறங்கியதும் பிரிந்தார்கள்.

ரயில் கொண்டுவந்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மணப்பாறை முறுக்கு ரயிலடியில் பிறந்தது. தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற நேரத்தில் கிருஷ்ண ஐயர் என்பவர் விற்கத் தொடங்கியது என்று சொல்வார்கள். ஒரு தரம் பாதி வேகவைத்து எடுத்து, மறுபடி எண்ணெயில் போடுகிறதில்தான் அந்த மொறுமொறுப்பு. அந்த ஊர்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்தது என்பது ஊர்க்காரர் வாதம். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காபி கிளப்புகள் வந்தது இந்தக் காலத்தில்தான். காபி நம் ஊருக்குள் எப்படி நுழைந்தது, அதற்கு என்னென்ன எதிர்ப்பு இருந்தது என்று ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். திருச்சிக்கு அதை அப்படியே பொருத்திக்கொள்ளலாம். மெயின்கார்டு கேட்டிலிருந்து பெரிய கடைவீதி வரை காபி வாசனைதான் வழி சொல்லும் என்பார்கள் பழையவர்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. என் தாத்தா குளித்தலைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்காரர். கல்யாணமான புதிதில், 1938-ல், ஆச்சியை ரயிலில் அழைத்துக்கொண்டு ஊர் பார்க்க வந்தார். கோட்டை ஸ்டேஷனில் இறங்கினார்கள். அந்தக் காலத்துக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பயணத்துச் செலவு, ரூபாய்-அணா-பை கணக்கில்:

ஜட்கா 0-4-0. தேங்காய் பழம் 0-1-6. சாப்பாடு இரண்டு பேர் 0-5-0. காபி இரண்டு (வெளியில்) 0-1-0. சோடா 0-0-6. சுருட்டு ஒரு கட்டு 0-2-0. ஸ்ரீரங்கம் பிரசாதம் 0-2-0. வளையல் 0-3-0.

சுருட்டு உறையூர்ச் சுருட்டாகத்தான் இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே, 1887-ல், சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். அவ்வளவு பேர் அதற்கு. வளையல் ஆச்சிக்கு. இடையில் அடைப்புக்குள் கிடக்கிற ‘வெளியில்’ என்னவென்று நான் ஆச்சியிடம்தான் கேட்டேன்.

“உள்ளே அவாளுக்கு. நம்மளுக்குத் திண்ணைதான். தாத்தா நின்னுக்கிட்டே குடிச்சாரு. நான் தொடலை. எனக்கு சோடா வாங்கிக் குடுத்தாரு. ரெண்டாவது காபியையும் அவரே குடிச்சுட்டாரு, காசு குடுத்தாச்சேன்னு.”

ஆச்சி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எந்தக் கிளப் என்று பேர் நினைவில்லை. அன்றைக்குப் பெரும்பாலான கிளப்புகள் அப்படித்தான். பிராமணாளுக்கு ஒரு பக்கம், இதராளுக்கு ஒரு பக்கம். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திண்ணையும் கிடையாது. நோட்டில் உள்ள ஐந்தணாச் சாப்பாடு, சைவாள் கடையில் சாப்பிட்டது. அங்கே மரியாதையாக உட்கார்ந்து, இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டதை ஆச்சி கடைசி வரை பெருமையாகச் சொல்வாள். மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்த காவிரி அவள் ஞாபகத்தில் இல்லை. பல்லவன் குகை அறவே இல்லை. அந்தச் சாம்பாரில் போட்ட முருங்கைக்காய் இருந்தது.

இந்தத் திண்ணையை ஒழித்தது நல்ல மனசு அல்ல, போராட்டம். ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் இருந்த தனிப் பந்தியைப் பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் விடாமல் எதிர்த்ததில் 1941-ல் அது எடுபட்டது. 1957-ல் சென்னையில் ஓட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்பதை நீக்கச் சொல்லி மறியல் நடந்தது, நூற்றுக்கணக்கானவர் கைதானார்கள். அது பழைய கதை என்று நினைத்தேன். 2012-ல் ஸ்ரீரங்கத்திலேயே ஓர் உணவகப் பலகையில் அந்தச் சொல் மறுபடி எழுந்து, எதிர்ப்புக் கூட்டம் நடக்கும் அளவுக்குப் போனது. காசு கொடுக்கிற எவனும் எந்த நாற்காலியிலும் உட்காரலாம் என்பது நமக்குக் காற்று மாதிரி ஆகிவிட்டது. அதற்கு வயது அதிகமில்லை.

அப்புறம் ஓட்டல்களின் பொற்காலம். திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் சாப்பிடாமல் ஊர் திரும்பினால் யாத்திரை பூர்த்தியாகாது என்று நினைப்பவர்கள் உண்டு. 1940-களில் தொடங்கிய கடை அது. அதன் கூட்டத்துக்குக் காரணம் நெய் மட்டுமில்லை, கோயில் மணியும்தான். ஜம்புகேசுவரர் கோயிலில் உச்சிக்காலத்தில் சிவாச்சாரியார் புடவை கட்டி, அம்பாளாகவே வந்து பூஜை செய்கிற காட்சிக்கு வெளியூர்க் கூட்டம் காத்திருக்கும். அது முடிந்தால் நடை சாத்துவார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பசியோடு தெருவில் நிற்பார்கள். இந்த ஊரில் ஓட்டல் வைக்க நினைப்பவன் முதலில் கோயில் நடை திறந்து சாத்துகிற நேரத்தைத்தான் மனப்பாடம் பண்ண வேண்டும். டவுனில் ஆதிகுடி காபி கிளப் இன்னும் அதே பேரோடு நடக்கிறது. ரவா பொங்கலுக்கும் அசோகா அல்வாவுக்கும் வெளியூர்க்காரர்கள் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். சீக்கிரம் போகாவிட்டால் பொங்கல் தீர்ந்துவிடும்.

மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு மிலிட்டரி ஓட்டல். கன்டோன்மென்ட் இருந்த ஊர், பேருக்குப் பஞ்சமில்லை. நத்தர்வலி தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பாலக்கரைப் பக்கத்துப் பிரியாணி. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். வெந்தயமும் இஞ்சியும் மணக்கும் அந்தக் கஞ்சியை ஊற்றும்போது யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை.

முக்கொம்பு தனிச் சுற்றுலா. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிடுகிற இடம். வறுத்த மீன் வாசனையில் கட்டுச்சோறு தோற்றுப்போகும். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனபோது, ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவர் இடிந்ததுபோல் போய் நின்று பார்த்தார்கள். அதே மாதம் கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வந்திருக்கிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, எனக்கு வெயில்.

2012 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் கோயிலிலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. 2014-ல் யாத்ரி நிவாஸ் திறந்தது. அன்னதானக் கூடத்தில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். சாம்பார் சில நாள் தண்ணீர். கூட்டுக்கு உப்பு போதாது. ரசம் எப்போதும் நன்றாக இருக்கும். ஆனால் என் பக்கத்து இலையில் ஒருநாள் ஆந்திராவிலிருந்து வந்த விவசாயி, எதிர் இலையில் காஞ்சிபுரம் கட்டிய மாமி, அவளுக்கு அடுத்து தெருக்கூட்டுகிற பெண். பரிமாறியவர் யார் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சரபோஜியின் சத்திரத்தில் நடுராத்திரி மணிக்கு வந்தவனுக்கும் இப்படிச் சோறு கிடைத்தது. இப்படிப் பந்தி கிடைத்திருக்காது. ருசிக்கு மடைப்பள்ளி, வயிற்றுக்கு ஓட்டல், ஆனால் இந்த ஊர் இதுவரை வழிப்போக்கனுக்குப் போட்ட சாப்பாடுகளில் ஆக நல்லது எது என்று கேட்டால் என் ஓட்டு அந்தத் தண்ணீர்ச் சாம்பாருக்கு.

இதையெல்லாம் எழுத எனக்கு உதவியது கல்வெட்டு இல்லை. ஒரு ராஜாவின் பயந்த கடிதம், ரயில் கம்பெனியின் கையேடு, என் தாத்தாவின் நோட்டு. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பழைய ஓட்டல் நடத்திய குடும்பங்களின் பரணில் பில் புத்தகங்களும் விலைப்பலகைகளும் இருக்கும். சத்திரங்களில் வருகைப் பதிவேடுகள் இருக்கும். யார் வந்தார், எந்த ஊர், எத்தனை வேளைச் சோறு என்று அதில் எழுதியிருக்கும். வீடு மாற்றும்போதும், சத்திரத்தை இடித்துக் கடை கட்டும்போதும் அவை எடைக்குப் போகின்றன. தயவுசெய்து போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தாளை மதிக்கத் தெரிந்தவர்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணெய்க் கறையைத் துடைக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள்.